ஆஸ்டின் டவுனும் பனிமலையும்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் மார்கழிக் குளிருக்கு ஒரு கம்பளிக் குல்லாய் போதும். விடியற்காலையில் நந்தன் மைதானத்தில் பந்து உதைக்கும் பிள்ளைகளின் வாயிலிருந்து மூச்சுப் புகைபோல் எழும். நாம் கண்ட பனி அவ்வளவே. ஆயினும், 1809-இல் இந்நகரில் பாளையம் அமைந்த நாள்தொட்டுப் பட்டாளத்தை ஒட்டி வந்து குடியேறிய தமிழர் பலர். ஆதலின் போர்வீரர் செய்தி நமக்கு அயலார் செய்தியன்று.

2016 பிப்ரவரி 3-ஆம் நாள், சியாச்சின் பனியாற்றின்மீது ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த காவல் முகாமைப் பனிச்சரிவு மூடியது. புதையுண்டோர் மதராஸ் ரெஜிமெண்டைச் சார்ந்த பதின்மர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டினர்; மூவர் கருநாடகத்தார். ஆறாம் நாள், தார்வாடு மாவட்டத்து அனுமந்தப்பா கொப்பத் என்னும் வீரர் உயிருடன் மீட்கப்பட்டார். நாடே அவருக்காக வேண்டிற்று. எனினும் பிப்ரவரி 11-இல் தில்லி மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார்.

இச்செய்தியை இப்போது நினைவூட்டக் காரணம் உண்டு. சென்ற வாரம் எதிர்வீட்டு அம்மையார் தம் மகனுடன் வந்தார். "அண்ணா, இவன் சிநேகிதர்களோடு இமயமலை ஏறப் போகிறானாம். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; மலையைக் காண்பது பெரும்பேறு. "அறிந்து போ, தம்பி" என்றேன்.

பனி ஒரே பாறைபோல் இறுகிக் கிடப்பதன்று. படலம் படலமாகப் படிவது. இடையே சர்க்கரைபோல் ஒட்டாத படலம் ஒன்று இருக்குமாயின், அதன்மேல் விழும் புதுப்பனியின் பாரம் தாங்காது முழுதும் வழுக்கி இறங்கும். முப்பது முதல் நாற்பத்தைந்து பாகைச் சரிவே பெரிதும் அபாயமானது. பெரும்பனி பெய்து ஓய்ந்த முதல் ஓரிரு நாட்களில் வானம் தெளிந்து வெயில் அழைக்கும்; ஏறுவதற்கு ஆகாத வேளையும் அதுவே. ஆளைக் கொல்லும் சரிவுகளுட் பெரும்பாலானவை, அவர்களோ உடன்வந்தோரோ காலடி வைத்ததால் கிளம்பியவை என்பதை மறத்தலாகாது.

பனியில் விரிசல் ஓடினாலும், காலடியில் 'தொம்' என்று அமுங்கும் ஓசை கேட்டாலும், அருகில் புதுச்சரிவு கண்டாலும், உடனே திரும்புக. சந்தேகமான சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். ஏனையோர் பத்திரமான இடத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். இருப்பிடம் உணர்த்தும் கருவி, நீண்ட துழாவுகோல், மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும். புதையுண்டவரை முதற் கால்மணி நேரத்திற்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பர். அரைமணி கடந்தால் நம்பிக்கை வெகுவாகக் குறையும். ஊரிலிருந்து உதவி வரும்வரை அந்நேரம் காத்திராது, உடன்வந்தோரே காப்பாளர்.

வல்லவர்க்கும் இது பொருந்தும். 2022 அக்டோபர் 4-இல் உத்தரகாண்டத்துத் திரௌபதி கா தண்டா சிகரத்தில், நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் குழுவினரையே பனிச்சரிவு வாரிச் சென்றது. இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பிள்ளை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். மறுநாள், அலுவலகத்தில் மூன்று நாள் விடுப்பு அதிகமாகக் கேட்டிருப்பதாகச் சொன்னான். பனி பெய்தால் கீழேயே தங்கிக் காத்திருப்பதற்காம்.

"தாமதமாக வந்தால் வரட்டும், அண்ணா" என்றார் தாயார். எனக்கும் அதுவே ஆறுதலாக இருந்தது.