ஆறு வெள்ளிச் சீவனம்

கடன்பட்டவனுக்கு உபதேசம் செய்ய உலகில் ஆள் பஞ்சம் என்றும் இருந்ததில்லை. செலவைச் சுருக்கு, காப்பியை நிறுத்து, சினிமாவை விடு என்று கூறாதவர் எவருமில்லை. வட்டி எவ்வளவு என்று கேட்பவரோ ஆயிரத்தில் ஒருவர். செலவைச் சுருக்கிப் பத்தொன்பது மாதம் சீவனம் செய்து பார்த்தவர் என்ற முறையில் இவ்விரண்டைப் பற்றியும் நாம் சிறிது கூற விரும்புகிறோம். தோட்டத்திலும் பட்டணத்திலும் மாதச் சம்பளத்தையே நம்பியிருக்கும் அன்பர்கள் பொறுமையுடன் படிப்பார்களாக.

நாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. படித்தது சிங்கப்பூரில், தாய்மாமன் வீட்டில் தங்கி, ஆங்கில வழியில். தந்தையாருக்கு இருதய அறுவை வைத்தியம் அவசரமாக நேர்ந்தபோது, கையிருப்பும் தாயாரின் நகையும் போதாமல், ஊரில் ஒரு தனவந்தரிடம் மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டியில் கடன் வாங்கப்பட்டது. அன்றைய இரவில் வேறு கொடுப்பாரில்லை. தந்தையார் பிழைத்தார். ஆதலின் வாங்கியதைக் குறித்து நமக்கு இன்றுவரை வருத்தமில்லை. ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் வட்டி கூடாதென்பது மலேசியச் சட்டம். அது அத்தனவந்தர் அறியாததன்று. அவரிடம் போய்ச் சட்டம் பேசும் நிலையில்தான் நாம் இல்லை.

கடன், சிங்கப்பூர்க் கணக்கில் 7,200 வெள்ளி. கிராணிச் சம்பளத்தில் இது தீராதென்று கண்டு, சம்பளமில்லா விடுப்புப் பெற்று, சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கெழுதும் வேலைக்குச் சென்றோம். மாமா காலமாகி அவ்வீடும் கைமாறியிருந்தது. தேக்கா வட்டாரத்தில் ஒரு கடைவீட்டு மாடியில், நால்வர் இருக்கும் அறையில், ஒரு கட்டில் கிடைத்தது. செக்ரோல் எழுதிப் பழகிய கை முதல் நாளே கணக்குப் போட்டது. சம்பளம் 1,700 வெள்ளி. கட்டிலுக்கு 350, வீட்டிற்கும் தந்தையார் மருந்திற்கும் 600, டெலிபோனும் மழைநாள் பஸ்ஸும் 70, கடனுக்கு 500. எஞ்சியது 180. அதை முப்பதால் வகுத்தால் நாளொன்றுக்கு 6 வெள்ளி. உணவு, சோப்பு, முடிவெட்டு யாவும் அதற்குள் அடங்க வேண்டும்.

அப்பட்டணத்தில் குளிர்சாதனம் வைத்த கடைகள் சிலவற்றில் ஒரு கோப்பைக் காப்பிக்கே ஆறு வெள்ளி கேட்பார்கள். எனினும் ஆறு வெள்ளியில் வாழ முடியாதென்று சொல்வது பொய். அரிசி மூட்டை அறைவாசிகள் நால்வருக்கும் பொது. விடியுமுன் ஒரு சட்டிச் சோறு வடித்து, பாதியை டிபன் கேரியரில் கட்டிக்கொள்வோம். நெத்திலிச் சம்பல், பருப்பு, சில நாள் ஒரு முட்டை. காலைப் பசியாறல் பழஞ்சோறும் வெங்காயமும். ஞாயிறன்று தேக்காச் சந்தையில் கடை கட்டும் நேரம் பார்த்துப் போனால், வாடிய கீரையையும் நசுங்கிய தக்காளியையும் கூறு கட்டித் தள்ளிவிடுவார்கள். அது மூன்று நாளைக்குக் காணும். அன்று ஒருவேளை மட்டும் பரோட்டா கோசோங் இரண்டும் ஒரு காப்பி-ஓவும் உண்டு. அந்தக் காப்பியை முக்கால் மணி நேரம் குடித்த நாட்களும் உண்டு. கடைக்காரர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

கிடங்கு காலாங் பக்கம். சிராங்கூன் சாலையிலிருந்து லாவண்டர் தெரு வழியாக நாற்பது நிமிட நடை. விடுமுறை நாளில் வெயிலுக்கு ஒதுங்க விக்டோரியா தெரு தேசிய நூலகம் உண்டு. 2005இல் திறந்த அந்தப் பெரிய கட்டடத்தில் தமிழ்ப் புத்தகம் எடுத்துக் குளிர்ச்சியாக உட்காரலாம், எவரும் காசு கேட்பதில்லை. மாதக் கடைசியில் கை முற்றும் வறண்டபோது டௌனர் சாலையில் உள்ள மத்திய சீக்கியர் கோயிலுக்குப் போனோம். நீ யார், என்ன சாதி, எந்த மதம் என்று அங்கு எவரும் கேட்கவில்லை. தலையை ஒரு துணியால் மூடிக்கொள்ளச் சொன்னார்கள், அவ்வளவே. பெரிய வியாபாரியும் கூலியும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து சப்பாத்தியும் பருப்பும் உண்டனர். உண்டபின் தட்டுக் கழுவும் இடத்தில் நாமும் நின்றோம். மேடைதோறும் சமத்துவம் முழங்கும் நம்மவர் ஒருமுறை அங்குப் போய் உட்கார்ந்து வருவது நல்லது.

வயிற்றைக் காட்டிலும் கடினமானது மொய். கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் தங்கைக்குக் கலியாணம் வந்தது. வெறுங்கையுடன் போக மனமில்லை; ஐம்பது வெள்ளி வைத்தால் எட்டு நாள் சோறு போகும். போகவில்லை. அதன்பின் அவர் நம்மைக் கஞ்சன் என்று சொல்வதாகக் காதில் விழுந்தது. வாழ்த்த வந்தவனிடம் கணக்கெழுதி வாங்கும் இவ்வழக்கத்தை நம் சமூகம் எதற்காகக் கட்டிக்கொண்டு அழுகிறதோ தெரியவில்லை.

இனி வட்டிக்கு வருவோம். 7,200 வெள்ளிக்கு மாதம் நூற்றுக்கு ஐந்து என்றால் 360 வெள்ளி. நாளொன்றுக்கு 12 வெள்ளி. நாம் உண்பது ஆறு வெள்ளிக்கு. ஆகவே நமது இலைக்குப் பக்கத்தில் வேறு இரண்டு இலைகள் போடப்பட்டிருந்தன. அவற்றில் உட்கார்ந்து உண்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் ஒருவேளையும் தவறுவதில்லை. காய்ச்சல் என்று நாம் படுத்த நாளிலும் அவ்விரண்டு இலைக்கும் பரிமாறியே ஆக வேண்டும். ஐந்து மாதம் இப்படிக் கழிந்தது. கட்டியது 2,500 வெள்ளி. அதில் வட்டி 1,726. அசலில் குறைந்தது 774. ஐந்து மாதப் பழஞ்சோறும் நடையும் ஈட்டிய பலன் அதுவே.

பள்ளியில் டிக்கன்ஸ் எழுதிய 'டேவிட் காப்பர்ஃபீல்டு' கற்றோம். அதில் மிக்காபர் என்பார், வரவுக்குள் செலவிருந்தால் சுகம், சற்று மிஞ்சினால் துக்கம் என்று கணக்குச் சொல்வார். அவரே கடனுக்காகச் சிறை சென்றவர். டிக்கன்ஸின் தந்தையும் 1824இல் லண்டன் மார்ஷல்சி சிறையில் கடனுக்காக அடைபட்டவரே. அந்தக் கணக்கை வாத்தியார் மெச்சிச் சொல்ல நாம் மனப்பாடம் செய்தோம். அதில் வட்டி என்ற வரியே இல்லையென்பது தேக்கா மாடிக்கு வந்த பிறகுதான் புலப்பட்டது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற வட்டித் தொழிலாளர், 2015 அக்டோபர் முதல், மாதம் நூற்றுக்கு நான்குக்கு மேல் வாங்கலாகாது. வட்டியும் கட்டணங்களும் சேர்ந்து அசலை மீறலாகாது. நல்ல சட்டந்தான். எனினும் நான்கு என்பதே 3,000 வெள்ளிக்கு நாளொன்றுக்கு நான்கு வெள்ளியாகும். நாள்தோறும் நான்கு வெள்ளி மிச்சம் பிடிப்பவன் நின்ற இடத்திலேயே நிற்பான்.

இக்கணக்கை நம்மினும் நன்கறிந்தவர்கள் ஞாயிறுதோறும் ரேஸ் கோர்ஸ் சாலைத் திடலில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளத் தம்பிமார்கள். புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் நம் ஆறு வெள்ளிக் கதையைக் கேட்டுச் சிரித்தான். "அண்ணே, எனக்கு மூணு வேளைப் பொட்டலத்துக்கும் மாசப் பணம் முன்னாடியே கட்டியாச்சு. படுக்கை கம்பெனியுடையது. காப்பி கூடக் குடிக்கிறதில்லை. இதுக்கு மேலே எதைக் குறைக்கிறது, நீங்களே சொல்லுங்க" என்றான். இங்கு வருவதற்கு ஊரில் ஏஜெண்டுக்குப் பல ஆயிரம் வெள்ளி கொடுத்திருக்கிறான். அதற்கு நிலம் ஈடு. சிங்கப்பூர் ஏஜெண்டு வாங்கும் கூலிக்கு 2011 முதல் வரம்பு உண்டு. வேலைக்காலம் ஓராண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், எவ்வாறாயினும் இரண்டு மாதத்திற்கு மேற்படாது. கடலுக்கு அப்பால் வாங்குவதை அச்சட்டம் எட்டிப் பிடிப்பதில்லை. அடிபட்டு வேலையிழந்து நிற்போருக்குத் தேக்காவில் 2008 முதல் இலவசச் சோறு போட்டுவரும் கஃப் ரோடு திட்டத்தின் வரிசையிலும் இத்தகைய கடனாளிகளைக் காணலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் கப்பற்கூலிக் கடனைத் தம் சம்பளத்திலிருந்தே கழித்துக் கொடுத்தனர். 1907இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தமிழரை வேலைக்கு வைத்த முதலாளிமாரிடம் வரி பிரித்து, வருகிறவர்களின் பயணச் செலவை அதிலிருந்து கொடுத்தனர். ஒப்பந்த முறையும் 1910இல் நின்றது. இது இரக்கத்தால் நடந்ததன்று. ரப்பருக்கு ஆள் தேவைப்பட்டது. இருந்தாலும், வருகிறவன் பயணக் கடன் சுமந்து வரலாகாது, அழைப்பவனே அச்செலவை ஏற்க வேண்டும் என்ற எண்ணம் வெள்ளைத் துரைமார் காலத்திலேயே சட்டமாயிற்று. ஒரு நூற்றாண்டு கழித்து, விமானத்தில் வரும் பையன் நிலத்தை ஈடு வைத்து வருகிறான்.

சிக்கனத்தில் சிறந்தவர் யாரென்றால், பழைய மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் இருந்த செட்டியார்களையே கூற வேண்டும். ஒரே கூடத்தில் பலர், ஆளுக்கொரு பெட்டி. தரையில் அமர்ந்து தொழில், அங்கேயே படுக்கை, பொதுச் சமையல். மூன்றாண்டுக் கணக்கில் ஊரை விட்டு வந்திருப்பார்கள். அவர்களிடம் வாங்கிய கிளார்க்குமார்களும் பின்னர் வயிற்றைக் கட்டித்தான் வாழ்ந்தனர். இருவர் சிக்கனமும் ஒரே மாதிரி. ஒருவருடையது பெருகிற்று, மற்றவருடையது கரைந்தது. அக்கிட்டங்கிகள் இன்று அங்கில்லை.

கிளார்க்குமார்களுக்கு வழி பிறந்தது 1925இல். அவ்வாண்டு பதிவான சிங்கப்பூர் அரசாங்க ஊழியர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கமே அந்நகரின் முதற் கூட்டுறவுச் சங்கம். அவசரத்திற்குக் கடன் கொடுக்கும் பாங்கு இல்லாமல் சம்பளக்காரர்கள் வட்டிக்காரரிடம் சிக்கியிருந்த காலம் அது. ஜெர்மனியில் ரைஃபைசன் 1864இல் குடியானவர்களுக்கு ஏற்படுத்திய முறையும், இந்தியாவில் 1904இல் வந்த சட்டமும் இதற்கு முன்மாதிரிகள். உறுப்பினர் மாதந்தோறும் சிறு தொகை போடுவர், அதிலிருந்து உறுப்பினருக்கே குறைந்த வட்டியில் கடன், இருவர் பிணை.

நமது தோட்டத்து ஊழியர்களுக்கும் அத்தகைய சிறு சங்கம் ஒன்றுண்டு. ஐந்தாம் மாத முடிவில் பெரிய கிராணியும் கண்டக்டரும் பிணை நிற்க, எஞ்சிய 6,426 வெள்ளியைச் சங்கம் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்பது வட்டியில் கொடுத்தது. முழுத் தொகையையும் எண்ணி வைத்தபோது தனவந்தர் முகம் மலரவில்லை. "என்ன அவசரம்?" என்று கேட்டார். அதன்பின் சோறு அதே சோறு, நடை அதே நடை, ஆறு வெள்ளியும் அதே ஆறு வெள்ளி. கட்டிய தொகையும் அதே 500. மாத வட்டி மட்டும் 48 வெள்ளியாயிற்று. பதினான்காம் தவணையில் கடன் தீர்ந்தது. பழைய வட்டியிலேயே இருந்திருந்தால் மேலும் எட்டு மாதம் பழஞ்சோறு உண்டிருப்போம்.

விடுப்பு முடிந்து தோட்டத்திற்குத் திரும்பிய பிறகு சங்கத்தில் நாம் பிணைக் கையெழுத்து இட்டது மூன்று பேருக்கு. இருவர் அடைத்துவிட்டனர், மூன்றாமவருக்கு இன்னும் இரண்டு தவணை பாக்கி.