நாளைய போர்களில் பெண்கள் எங்கே?

விஞ்ஞானப் புனைகதை இன்னும் நிகழாதவற்றைப் பற்றிய இலக்கியம். நிகழ்ந்தவற்றுக்கு அது கட்டுப்பட வேண்டியதில்லை. ஒளியை முந்திச் செல்லும் கலங்களையும், கோள்களையே பொடியாக்கும் படைக்கலங்களையும், மனித உருவற்ற அறிவுயிர்களையும் அது தடையின்றிப் படைத்துக்கொள்கின்றது. இத்துணைச் சுதந்திரம் வாய்த்த இலக்கிய வகையின் ஒரு கிளையே விண்வெளிப் போர்க்கதை. அக்கிளை ஒரு விடயத்தில் மட்டும் பழைய உலகை விட்டு நீங்கத் தயங்கியே வந்துள்ளது. அதன் போர்க்கலங்களிலும் பாசறைகளிலும் பெண்கள் மிக அரிதாகவே காணப்படுகின்றனர். பல நூற்றாண்டுகளுக்கு அப்பால் நிகழும் போரிலும் கட்டளையிடுபவன் ஆண், சுடுபவன் ஆண், மடிபவனும் ஆண். பெண் தோன்றினால், பெரும்பாலும் காத்திருப்பவளாகவோ மீட்கப்பட வேண்டியவளாகவோ தோன்றுகின்றாள். போர் நடந்த மண்ணில், கல்முனைக் கரையில், பிறந்த வாசகி ஒருத்திக்கு இது சிறு குறையாகத் தோன்றவில்லை.

இவ்வகைக் கதைகளுள் முன்னோடியாகக் கருதப்படுவது, அமெரிக்க எழுத்தாளர் றொபேர்ட் ஹைன்லைன் 1959இல் வெளியிட்ட 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' என்னும் நாவலாகும். அதில் பெண்கள் அறவே இல்லை என்று கூறுதல் நேர்மையாகாது. விண்கலங்களைச் செலுத்துவதில் அவர்கள் ஆண்களை விஞ்சியவர்கள் என்றே ஆசிரியர் கூறுகின்றார். எனினும், கோளில் இறங்கிப் போர்புரியும் காலாட்படையில் ஒரு பெண்ணும் இல்லை. கலத்தினுள் பெண்கள் தங்கும் பகுதி ஒரு தடுப்புச் சுவரால் பிரிக்கப்பட்டு, காவலும் இடப்பட்டுள்ளது. ஓர்சன் ஸ்கொட் கார்ட் 1985இல் வெளியிட்ட 'எண்டர்ஸ் கேம்' நாவலில், வருங்காலத் தளபதிகளாகச் சிறுவர்கள் பயிற்றப்படுகின்றனர். அப்பள்ளிக்குத் தெரிவாகும் சிறுமியர் மிகச் சிலரே. பல நூற்றாண்டுப் பரிணாமம் அவர்களுக்கு எதிராக வேலை செய்வதாக அங்குள்ள அதிகாரி விளக்கம் தருகின்றார். பெட்ரா என்னும் சிறுமி ஒருத்தியே அங்கு குறிப்பிடத்தக்கவளாக வளர்கின்றாள். இயற்கையின் விதிகள் பலவற்றைத் தளர்த்திவிட்ட கற்பனை, இவ்விடத்தில் மட்டும் இயற்கையைச் சாட்சிக்கு அழைப்பது கவனிக்கத்தக்கது.

இதற்கான காரணங்களைத் தேடுவோர் இவ்விலக்கியம் வளர்ந்த சூழலை நோக்குதல் வேண்டும். 1926இல் ஹியூகோ கேர்ன்ஸ்பாக் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரிஸ்' முதலாக, விஞ்ஞானக் கதைகளுக்கென எழுந்த அமெரிக்கச் சஞ்சிகைகள் தமது வாசகரைப் பெரும்பாலும் இளம் ஆண்களாகவே கருதின. எழுத்தாளரும் தாம் அறிந்த படையையே விண்ணில் ஏற்றினர். ஹைன்லைன் 1929இல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் பயின்று வெளியேறியவர். அக்கல்லூரி பெண்களை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டது 1976இலேயே. அவர் படைத்த விண்கலம் அவர் காலத்துப் போர்க்கப்பலின் சாயல் கொண்டிருப்பதில் வியப்பில்லை.

ஆயினும், உண்மையான போர்கள் அக்கற்பனையை அதற்கு முன்னரே முந்திவிட்டன. இரண்டாம் உலகப் போரில், 1942இல், சோவியத் ஒன்றியத்தின் 588ஆம் இரவுக் குண்டுவீச்சுப் படைப்பிரிவு களமிறங்கியது. மரத்தாலும் துணியாலும் ஆன பழைய இருதள விமானங்களில், இருளில், ஜேர்மனியப் படைநிலைகளின் மேற் பறந்து குண்டு வீசியவர்கள் இளம்பெண்கள். சோவியத் படைகளிற் பணியாற்றிய பெண்கள் இலட்சக்கணக்கினர். அவர்களுட் பலரைச் சந்தித்து ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் தொகுத்த வாக்குமூலங்கள் 1985இல் நூலாயின. எனவே, பெண்கள் இல்லாத போரைக் கற்பனை செய்வதற்கு, நடந்த போரிலிருந்தே அவர்களை அகற்ற வேண்டியிருந்தது.

எமது மரபு இவ்வகையில் வேறுபட்டது. சங்க இலக்கியத்தின் புறப்பாடல்களில் வாளேந்துபவன் ஆண்தான். ஆனால் அப்போரை வாயிற்படியில் நின்று காணும் பெண்ணும் அப்பாடல்களில் இருக்கின்றாள். தந்தையையும் கணவனையும் போரில் இழந்தபின் எஞ்சிய ஒரே மகனையும் களத்துக்கு அனுப்பும் தாயை ஒக்கூர் மாசாத்தியார் பாடினார். களத்திற் கிடக்கும் உடல்களைப் புரட்டி மகனைத் தேடும் முதியவளைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடினார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவரும் ஔவையார் என்னும் பெண்பாற் புலவரே. இப்பாடல்கள் போரைப் போற்றுவன என்பது உண்மை. அதே வேளை, போரின் விலையைச் செலுத்துபவள் யார் என்பதையும் அவை மறைக்கவில்லை. இஸ்லாமிய வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. 625ஆம் ஆண்டு நடைபெற்ற உஹதுப் போர்க்களத்துக்குத் தண்ணீர்த் துருத்தியுடன் சென்ற நுஸைபா பின்த் கஅப் என்னும் உம்மு உமாரா (ரழி) அவர்கள், படை சிதறியபோது வாளேந்தி நபி (ஸல்) அவர்களைக் காத்து நின்று காயமுற்றார்கள். எமது ஊர்ப் பள்ளிவாசல்களில் உஹதைப் பற்றிப் பேசுவோர் பலர். உம்மு உமாராவின் பெயர் அவ்வுரைகளில் இன்னும் கூடுதலாக ஒலிக்க வேண்டும் என்பது எனது அவா.

இனி எமது நாட்டுக்கு வருவோம். இலங்கை இராணுவத்தின் மகளிர் படையணி 1979இல் உருவாக்கப்பட்டது. விடுதலைப் புலிகள் இயக்கம் 1980களின் நடுப்பகுதியிலிருந்து பெண்களுக்கு ஆயுதப் பயிற்சி அளித்துக் களத்தில் இறக்கியது. ஆகவே, துப்பாக்கி ஏந்திய பெண் எமக்கு வருங்காலப் புதுமையல்லள். அவள் எமது சென்ற காலத்தைச் சேர்ந்தவள். அவ்வாறாயின், கதைகளிலும் பெண்களின் கையில் ஆயுதத்தைக் கொடுத்துவிட்டாற் குறை தீர்ந்துவிடுமா? தீராது என்றே எண்ணுகின்றேன். வியட்நாம் போரிற் பங்குகொண்ட ஜோ ஹால்டெமன் 1974இல் வெளியிட்ட 'த ஃபொரெவர் வோர்' நாவலின் படையில் ஆண்களும் பெண்களும் கலந்தே போர்புரிகின்றனர். ஆனால் அப்பெண்கள் ஆண் சகாக்களின் இச்சைக்கு இணங்குதல் படையின் வழக்கமாகவும் சட்டமாகவும் அங்கு கூறப்படுகின்றது. போரின் கொடுமையை எதிர்த்து எழுதப்பட்ட நாவல் அது. ஆயினும் பெண்ணுக்கு அது அளித்த சமத்துவம் இத்தகையது. எமது நாட்டிலும், 2009இல் போர் முடிந்தபின் வீடு திரும்பிய முன்னாட் பெண் போராளிகள் பலரைச் சமூகம் ஐயத்துடனேயே நோக்கியது. தலைகளை எண்ணிப் பார்ப்பதால் மட்டும் இப்பிரச்சினையை அளந்துவிட முடியாது.

எனது கருத்தில், விண்வெளிப் போர்க்கதைகளின் குறை பெண் சிப்பாய்கள் இல்லாமையன்று. போரைப் போர்க்களமாக மட்டும் சுருக்கிவிட்டமையே குறை. களத்துக்கு வெளியே உள்ள போரை வெட்டியெறியும்போது, அதனுடன் பெண்களும் வெட்டியெறியப்படுகின்றனர். 1990ஆம் ஆண்டையும் அதன் பின் வந்த ஆண்டுகளையும் பற்றி எனது உம்மும்மா கூறும் கதைகளில் துப்பாக்கி எப்போதாவதுதான் வருகின்றது. மண்ணெண்ணெய் வருகின்றது, அடகு வைத்த காப்பு வருகின்றது, இரவில் நாய் குரைத்தாற் குழந்தையின் வாயைப் பொத்திய கை வருகின்றது, வயலுக்குப் போனவர் அஸருக்குள் திரும்பாவிட்டால் வாசலில் நின்ற நேரம் வருகின்றது. அவற்றையும் அவர் 'சண்டை' என்றே அழைக்கின்றார். 1990 ஓகஸ்ட் 3ஆந் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிற் கொல்லப்பட்டோர் ஆண்களும் சிறுவர்களும் ஆவர். அன்று தொடங்கி அக்குடும்பங்களைச் சுமந்தவர்கள் யார் என்று கேட்டால், போரில் பெண்கள் எங்கே என்ற வினாவுக்கு விடை கிடைக்கும். மேலும், எமது கரையோர ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கென வீடு கட்டப்படுகின்றது. மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்கின்றான். போர் வீட்டுவாசலுக்கு வந்தபோது அது பெண்ணின் நிலத்துக்கே வந்தது.

பெண்ணை மையமாகக் கொண்டு வருங்காலப் போரை எழுத இயலாது என்பாருக்கு, 1905ஆம் ஆண்டிலேயே ஒருவர் பதில் கூறிவிட்டார். வங்காளத்து முஸ்லிம் பெண்மணியான றொக்கையா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்னும் அச்சிறுகதை, சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு மகளிர் சஞ்சிகையிற் பிரசுரமாயிற்று. அக்கதையின் நாட்டில் ஆண்கள் படைபலத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த காலத்தில், பெண்கள் தமது பல்கலைக்கழகங்களில் மேகத்திலிருந்து நீர் பெறவும் சூரிய வெப்பத்தைச் சேமிக்கவும் கற்றனர். ஆண்கள் அதனைக் கண்டு நகைத்தனர். பின்னர் பகைவர் படையெடுத்துவர, ஆண்கள் தோற்றுப் பின்வாங்கினர். அப்போது பல்கலைக்கழகத் தலைவி ஒருத்தி 2,000 மாணவியருடன் களம் சென்று, குவித்த சூரிய ஒளியைப் பகைவர் மீது செலுத்தி அவர்களைத் துரத்தினாள். ஆண்களை அந்தப்புரத்துள் அடைத்துவைக்கும் அக்கதையின் தீர்வை நான் ஏற்கவில்லை. அது சிறையின் திறப்பைக் கைமாற்றுவதேயன்றிச் சிறையை இடிப்பதன்று. எனினும் அவரது போரில் பெண்கள் ஆண்களின் நகல்களாக வரவில்லை. தாம் கற்ற கல்வியுடன் வந்தனர். றொக்கையா பின்னர் கல்கத்தாவிற் பெண்களுக்கெனப் பாடசாலை நடத்தினார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

தமிழில் விஞ்ஞானக் கதையைப் பரவலாக்கிய சுஜாதா, 1980களில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் சர்வாதிகார ஆட்சி ஒன்றின் முன் நிலா என்னும் சாதாரணப் பெண்ணை நிறுத்தினார். தமிழ் வாசகர் அவளை விரும்பி ஏற்றனர். ஆயினும் அக்கதையிற் கூர்மதியின் பெரும்பங்கு ஜீனோ என்னும் இயந்திர நாய்க்கே சென்றது. நிலாவுக்குப் பின் தமிழ் விஞ்ஞானக் கதை செல்ல வேண்டிய தூரம் இன்னும் நீண்டது.

அத்தூரத்தைக் கடக்க வேண்டியவர்களுள் நாமும் அடங்குவோம். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1990களில், போரின் நடுவில், ஒலுவில் மண்ணில் எழுந்தது. இன்று அதன் கலைப்பீட விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருப்போருட் பெண்களே மிகுதி. அவர்களுள் ஒருத்தி வருங்காலப் போரொன்றை எழுதத் துணிவாளாயின், அவளது விண்கலத்தில் அடகுச்சீட்டும் இருக்கும். அரிசிப் பானையும் இருக்கும். திரும்பாதவருக்காகத் திறந்துவைத்த கதவும் இருக்கும். அத்தகைய கதையைப் படிப்பவர்களுக்குப் போரின் மேல் ஆசை பிறப்பது அரிது. போர்க்கதை எழுதுவதற்கு அதனினும் தக்க நியாயம் வேண்டுமோ?