நம்பரை மாத்தாதையுங்கோ

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை நடந்தது. மூன்று நாளாக மகன் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. காரணம், கொரிடோரில் சப்பாத்து அலுமாரிக்கு மேலே இருக்கிற ரெலிபோன்.

அதைச் சொல்லமுதல், நான் ஏதோ நவீன சாமான்களுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். குழாயைத் திறந்தால் சுடுதண்ணி வருவதை நான் இன்றைக்கும் ஒரு அதிசயமாகத்தான் பார்க்கிறேன். 1985இல் கிழக்கு பெர்லினில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்குக்கு வந்து, அகதிகள் முகாமில் முதன்முதலாகக் குளித்தபோது, தண்ணி முடிந்துவிடுமோ என்று அவசரம் அவசரமாகக் குளித்தேன். இப்போது என்ரை பிள்ளைகள் அரை மணித்தியாலம் குளிக்கிறார்கள். கதவைத் தட்டுவது நான்தான்.

ரைஸ் குக்கர் வந்தது நல்லது. வாசிங் மெசின் வந்தது அதைவிட நல்லது. டிஷ்வாஷர் என்ற ஒன்றும் வீட்டில் இருக்கிறது. மனிசி கோப்பைகளைக் கையால் கழுவி, அதற்குள் அடுக்கிக் காயவைக்கிறா. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும், மறைக்க வேண்டாம். பிறகு, மகள் வாங்கித் தந்த பேசுகிற பெட்டி. அதற்கு நான் கதைக்கிற டொச் விளங்காது. நாற்பது வருசமாக இந்த நாட்டுச் சனத்துக்கும் அது முழுக்க விளங்கவில்லை, பெட்டியைக் குறை சொல்லி என்ன செய்ய.

இப்படி எல்லாச் சாமானையும் ஏற்றுக்கொண்ட நான், அந்த ஒரு ரெலிபோனில் மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்கிறேன் என்பதுதான் மகனின் கேள்வி.

எங்கள் தெருவுக்குக் கண்ணாடியிழைக் கேபிள் வந்திருக்கிறது. மகன் கொம்பியூட்டரில் புது ஒப்பந்தத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். நான் கோப்பியோடு பின்னால் நின்று பார்த்தேன். பழைய நம்பரைத் தொடர்ந்து வைத்திருக்க விருப்பமா என்று ஒரு சின்னப் பெட்டி. அவன் அதைத் தொடாமல் அடுத்த பக்கத்துக்குப் போனான்.

"தம்பி, அதிலை புள்ளடி போடு."

"ஏனப்பா? ஆர் அந்த நம்பருக்கு எடுக்கினம்? உங்கடை கொம்பியூட்டரிலை வைரஸ் இருக்கு எண்டு சொல்ற கள்ளன் மட்டும்தான் எடுக்கிறான்."

அவன் சொன்னது உண்மை. யாழ்ப்பாணத்தில் இருக்கிற தங்கச்சிகூட வட்சப்பில்தான் வருகிறா, அடுப்பில் கறி கொதிக்கிற சத்தத்தோடு. கனடாவில் உள்ளவர்களும் அப்படித்தான். ஆனால் நான் அன்றைக்குக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

அந்த நம்பர் எனக்கு 1991இல் கிடைத்தது. முகாம் வாழ்க்கை முடிந்து சொந்தமாக ஒரு அறை எடுத்தபோது, முதல் வாங்கிய கட்டிலுக்கும் முந்தி வந்தது ரெலிபோன்தான். சாம்பல் நிறம், பாரம் என்றால் அப்படி ஒரு பாரம். அதுவரை தெருவிலிருந்த மஞ்சள் கூண்டுக்குள் காசுக் குற்றிகளைப் போட்டுப் போட்டுத்தான் கதைத்தோம்.

ஆனால் யாருக்கு எடுப்பது? 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் கரண்டும் இல்லை, ரெலிபோனும் இல்லை. தம்பியின் கடிதங்கள் யாராவது கொழும்புக்கு வருகிறவர்களின் கையில் வந்து, மாதக்கணக்கில் கழித்து எனக்குக் கிடைக்கும். நான் ஏழு வருசம் மூத்தவன். நான் வெளிக்கிட்டபோது அவனுக்குப் பதின்மூன்று வயது.

அவனுக்குச் சாமான்களைக் கழற்றிப் பூட்டுவதில் பெரிய விருப்பம். ஒரு கடிதத்தில் ஜாம் போத்தல் விளக்குச் செய்வதை இரண்டு பக்கத்துக்கு, படமும் கீறி எழுதியிருந்தான். போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் திரி. சாதாரண குப்பி விளக்கைவிட மிகக் குறைவாகத்தான் எண்ணெய் குடிக்கும் என்று பெருமையாக எழுதியிருந்தான். பற்றறிக்குத் தடை. அதனால் சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வருகிற கரண்டில் பிபிசி தமிழோசை கேட்பார்களாம். ஒருவர் சுற்ற, ஒழுங்கை முழுக்கக் கேட்கும். சுற்றுகிறவன் களைத்தால் செய்தியும் களைத்துவிடும் என்று எழுதியிருந்தான்.

நான் அந்தக் கடிதத்தை வாசித்தது ஹீற்றர் போட்ட அறையில், கலர் ரீவிக்கு முன்னால். அன்றைக்கு ரீவியை நிப்பாட்டிவிட்டேன். அடுத்த நாள் திரும்பப் போட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1993இல் அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இரவில் கிளாலியால் வள்ளமேறி, வவுனியா வந்து, பிறகு கொழும்பு வந்து, என்ரை நம்பருக்கு எடுத்தான். எட்டு வருசத்துக்குப் பிறகு கேட்ட குரல். நான் விட்டுவிட்டு வந்த சின்னப் பெடியனின் குரல் இல்லை. யாரோ ஆம்பிளை கதைக்கிறான் என்று நினைத்து, "ஆர் நீங்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மாவோடு அவன் ஊருக்குத் திரும்பிப் போனான். 1995 ஐப்பசி 30 இடப்பெயர்வில் எல்லோருமாக வெளிக்கிட்டார்கள். அம்மாவும் தங்கச்சியும் பிறகு ஊர் திரும்ப, அவன் வன்னியிலேயே கலியாணம் கட்டி இருந்துவிட்டான். 2002இல் ஏ9 பாதை திறந்தபிறகு, மாதத்தில் ஒருக்கால் வவுனியாவுக்கு வந்து கொமினிகேசனில் இருந்து எடுப்பான். அவன் ஒரு தரம் அடித்துவிட்டு வைப்பான், நான் திருப்பி எடுப்பேன். தமிழ்க் கடையில் வாங்கிய காட்டைச் சுரண்டி, அந்த நீள நம்பரை அடிக்கிற நேரத்துக்குள் எனக்குக் கை நடுங்கும். பத்து நிமிசம் இருக்கிறது என்று காட் சொல்லும், ஆறாவது நிமிசத்தில் அறுந்துவிடும்.

2006 ஆடியில் கடைசியாகக் கதைத்தான். நான் புது வீடு பார்க்கிறேன் என்று சொன்னேன்.

"வீட்டை மாத்துங்கோ அண்ணை, நம்பரை மாத்தாதையுங்கோ. எனக்கு இந்த ஒரு நம்பர்தான் பாடம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அடுத்த மாதம் பாதை பூட்டினார்கள். 2008இல் ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. 2009இல் மெனிக் பாம் முகாமில் இருந்து வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டோம். மாத்தளனில் கண்டோம் என்றவர்களும் உண்டு, அவனில்லை அது வேறு ஆள் என்றவர்களும் உண்டு. தங்கச்சி அவனுடைய படத்தைக் கொண்டு ஆணைக்குழுக்களுக்கு முன்னால் போய் இருந்தா. தகவல் கிடைத்தால் அறிவிக்க வேண்டிய தொலைபேசி இலக்கம் என்ற இடத்தில், என்ரை இந்த நம்பரையும் எழுதிக் கொடுத்திருக்கிறா.

2010இல் பக்கத்து ஊரில் நல்ல வீடு ஒன்று, மலிவாக வந்தது. பின்னுக்குத் தோட்டம், மனிசி கறிவேப்பிலைக் கன்றுக்கு இடம்கூடப் பார்த்துவிட்டா. இந்த நாட்டில் வீட்டு நம்பர் அந்தந்த ஊரின் தொடக்க இலக்கத்தோடு கட்டுப்பட்டது, வேறு ஊருக்குக் கொண்டுபோக முடியாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தூரமாகிவிடும் என்று சொல்லி நான் வேண்டாம் என்றேன். உண்மைக் காரணம் மனிசிக்குத் தெரிந்திருக்கும். இன்றுவரை அவ கேட்கவில்லை.

மகனுக்கு இதில் எதுவும் தெரியாது. சித்தப்பா ஒருவர் இருந்தார், சண்டையில் காணாமல் போய்விட்டார் என்ற அளவில்தான் சொல்லி வளர்த்தோம். மூன்றாம் நாள் இரவு மனிசிதான் அவனுக்குச் சொல்லியிருக்கிறா. நான் பக்கத்து அறையில் படுத்திருந்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கீபோர்ட் தட்டுகிற சத்தம் கேட்டது.

காலையில் சொன்னான்: "அப்பா, புள்ளடி போட்டிருக்கிறன். ஆனா பழைய கொம்பனிக்கு நாங்கள் முதலே நிப்பாட்டக் கடிதம் குடுக்கக்கூடாது. புதுக் கொம்பனிதான் நம்பரையும் கேட்டு, அதையும் நிப்பாட்ட வேணும். முந்தினால் சிக்கல்." எல்லாம் விசாரித்து வைத்திருந்தான்.

லைன் மாற்றுகிற நாள் நான் வேலைக்கு லீவு போட்டேன். முன்பு இருந்த செப்புக் கம்பி ரெலிபோனுக்கு எக்சேஞ்சில் இருந்தே கரண்ட் வரும், வீட்டில் கரண்ட் நின்றாலும் அது வேலை செய்யும். இப்போது எல்லாம் ரவுட்டருக்குள்ளால்தான். ரவுட்டர் படுத்தால் ரெலிபோனும் படுத்துவிடும். அன்று காலை எட்டு மணியிலிருந்து லைன் இல்லை. மனிசி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போனா. பதினொரு மணிக்கு ஒருக்கால் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். சத்தமில்லை. பன்னிரண்டரைக்கும் இல்லை.

ஒன்றேகாலுக்கு அடித்தது.

எழும்பிய வேகத்தில் தேத்தண்ணிக் கோப்பை சப்பாத்துகளுக்கு மேலே கொட்டுண்டது. எடுத்து, "ஹலோ" என்றேன்.

"நான்தானப்பா," மேல் மாடியில் இருந்து கைத்தொலைபேசியில் மகன். "லைன் வந்திட்டுது. வெளியிலை இருந்து எடுத்தாலும் இப்பிடித்தான் அடிக்கும்."

குசினிக்குள்ளிருந்து மனிசி, "ஆரப்பா?" என்று கேட்டா.

"மகன்தான்," என்றேன்.