ஒரு லாரித் தண்ணீரும் ஐந்து கிலோ நெல்லும்

கொஞ்சம் நீளமான பதிவு. ரிட்டயர் ஆன டீச்சருக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன வாரம் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் ஒருவன் ஓடி வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இப்போது சிப்காட்டில் காண்ட்ராக்ட் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற நேரம். நலம் விசாரித்துவிட்டுக் கேட்டான்.

"கழனிய மனை போட விக்கப் போறீங்களாமே டீச்சர்? விக்கலன்னா எனக்குக் குத்தகைக்குக் குடுக்கறீங்களா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பொன்னேரிக்கும் கவரைப்பேட்டைக்கும் இடையில் எங்கள் அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் இருப்பது உறவினர்களுக்குத் தெரியும். எனக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் ஆளுக்கு 50 சென்ட். கிணறு என் பங்கில் இருக்கிறது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் பார்த்த கழனி அது.

நம் மாவட்டத்தின் நெல்லைப் பற்றி ஒரு விஷயம். உங்களில் சிலரைத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துப் போயிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? கிச்சிலி சம்பா என்று நாம் சொல்லும் ஜி.இ.பி. 24 ரகத்தையும் கோ 18 ரகத்தையும் ஒட்டுச் சேர்த்து உருவானது டி.கே.எம். 6. அந்த 'டி.கே.எம்.' என்பது திரூர்க்குப்பத்தைக் குறிக்கிறது. அந்த நெல்லுக்குப் பூச்சி நோயைத் தாங்கும் குணம் இருந்ததால், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதை வாங்கி ஐ.ஆர். 20 ரகத்தை உருவாக்கியது. ஐ.ஆர். 20 சோறு சாப்பிடாத வீடு ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் குறைவு. பசியோடு இருந்த நாடுகளுக்கு நம் மாவட்டத்து விதையும் ஒரு கை கொடுத்திருக்கிறது.

அப்படிப்பட்ட மாவட்டத்தில் ஏன் கழனிகள் மனைகளாகின்றன? தொழிற்சாலைதான் காரணம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். சிப்காட் வந்ததால்தான் என் மாணவர்களில் பல பேர் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதனால் அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. எங்கள் கழனி வரையில், முதலில் போனது தண்ணீர்.

ஆரணி ஆறும் கொசஸ்தலை ஆறும் ஓடுகிற நம் பகுதியில் நல்ல ஊற்று இருப்பதை 1960-களின் கடைசியில் ஐ.நா. உதவியோடு ஆய்வு செய்து கண்டார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கங்களில் கிணறுகள் போட்டு, மணலி தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் தண்ணீர் எடுத்தார்கள். விவசாயிகளும் சும்மா இருக்கவில்லை, மோட்டார் போட்டு இறைத்தோம். நிலத்தடி நீர் இறங்க இறங்க, மீஞ்சூர்ப் பக்கம் கடல் நீர் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. 2010-இல் அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல் நீரைக் குடிநீராக்க நாளொன்றுக்குப் 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலை வந்தது. ஆகிற செலவைப் பார்த்தால், ஊற்று நீரைக் காப்பாற்றியிருந்தால் எவ்வளவு மலிவு என்று தெரியும்.

இனி என் தப்பு. 2003, 2004 பஞ்சத்தில் சென்னையில் குழாய்த் தண்ணீர் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. டேங்கர் லாரிகள் நம் ஊர்க் கிணறுகளைத் தேடி வந்தன. எங்கள் கிணற்றுக்கும் வந்தன. தம்பி வேண்டாம் என்றான். மகளின் காலேஜ் ஃபீஸுக்குப் பணம் தேவைப்பட்ட நான்தான் "விடுடா, நாலு மாசம்தானே" என்று சொன்னேன். விவசாயத்துக்கென்று அரசு கொடுத்த இலவச மின்சாரத்தில் மோட்டார் ஓடியது. வகுப்பில் கரும்பலகையில் நீர்ச் சுழற்சி படம் வரைந்துகொண்டிருந்த அதே மாதங்களில் இதையும் செய்தேன்.

ஏன் அப்படித் தோன்றியது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமுமாகச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் கழனிக்குப் போகிறது என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் சராசரிக் கணக்கு. 12,000 லிட்டர் லாரி ஒன்றில் ஏறுவது ஐந்து கிலோ நெல்லுக்குக்கூடப் போதாத தண்ணீர். கிலோ 25 ரூபாய் என்று வைத்தாலும் 125 ரூபாய்தான். லாரிக்காரர் அதைவிடக் கூடுதலாகத் தருவார். தனித்தனியாகப் போட்டால் எல்லார் கணக்கும் சரியாகத்தான் வரும்.

கணக்கில் வராதது ஒன்று உண்டு. கழனியில் கட்டிய தண்ணீரில் ஒரு பங்கு கீழே இறங்கி மறுபடி ஊற்றில் சேரும். லாரியில் ஏறியது நகரத்துச் சாக்கடைக்குப் போகும். எங்கள் பக்கத்துக் கழனியை வாரத்துக்குப் பயிரிட்டவர் ஒருவர் இருந்தார். அவருடைய கிணறு எங்களுடையதைவிட ஆழம் குறைவு. எங்கள் மோட்டார் இரவு பகலாக ஓடிய அந்த வருஷம் அவருடைய கிணற்றில் அடி மணல் தெரிந்தது. நாற்று கருகியது. அவர் வாட்ச்மேன் வேலைக்குப் போனவர் பிறகு ஏர் பிடிக்கவில்லை.

ரயில் நிலையத்தில் என் பையை வாங்கியவன் அவருடைய மகன்.

அவனுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. "ஷிப்டு மாறி மாறி வருது டீச்சர், பகல்ல கழனி பாத்துப்பேன். வீட்ல அவளும் செய்வா" என்றான். என்ன பயிர் வைப்பாய் என்று கேட்டேன். மழையை நம்பிச் சம்பா ஒரு போகம், அதையும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக. எப்போதும் தண்ணீர் நிறுத்தி வைக்காமல், காயவிட்டுக் காயவிட்டுக் கட்டினால் 30 சதவீதம் வரை பாசன நீர் மிச்சமாகும் என்று ஆராய்ச்சி நிலையங்களே சொல்கின்றன. போர் தண்ணீரையே நம்பியிருக்கும் நவரை வேண்டாம், அறுப்புக்குப் பின் உளுந்து, ஒரு பக்கம் கீரையும் கத்திரியும். யோசித்து வைத்திருக்கிறான்.

விளைந்ததை யார் வாங்குவார்கள்? அன்று மாலையே, சிப்காட்டில் கேண்டீன் காண்ட்ராக்ட் எடுத்திருக்கும் இன்னொரு மாணவனுக்குப் போன் செய்தேன். அரிசி செங்குன்றம் மண்டியிலிருந்து, காய் கோயம்பேட்டிலிருந்து வருகிறதாம். நம் ஊர்க் காய் கோயம்பேடு போய் மறுபடி நம் ஊருக்கே வருவதும் உண்டாம். உள்ளூரில் ஏன் வாங்குவதில்லை என்றேன். "ஒருத்தர் நாலு நாள் குடுப்பாரு, அஞ்சாம் நாள் இல்லம்பாரு டீச்சர். எனக்குத் தினமும் சமைக்கணும்" என்றான். நியாயம்தான். விவசாயிக்கும் ஒரு நியாயம் உண்டு. கம்பெனியிலிருந்து பில் பாஸாகி 45 நாள் கழித்துப் பணம் என்றால் கீரை போடுகிறவர் எதைச் சாப்பிடுவார்?

பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். ஆறேழு பேர் சேர்ந்து முறை வைத்துப் பயிரிட்டால், ஒருவரிடம் இல்லாத நாளில் இன்னொருவரிடம் இருக்கும். அவன் சனிக்கிழமைதோறும் பணம் தந்துவிடுவான். முதலில் கீரை, முள்ளங்கி, கத்திரி மட்டும். அரிசி பிறகு பார்க்கலாம். வளரும் நாடுகளுக்கு நீடித்த உணவு முறை வேண்டும் என்று பெரிய மாநாடுகளில் பேசுகிறார்கள். நம் ஊரில் அது இந்தச் சனிக்கிழமைக் கூலியிலும், யார் கிணற்றில் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடலாம் என்ற பேச்சிலும்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது உறவினர்களுக்கு. தம்பியின் மகனுக்குக் காலேஜ் செலவு இருக்கிறது. அவன் பங்கை விற்க அவனுக்கு முழு உரிமை உண்டு. அன்று ஃபீஸுக்காகத் தண்ணீரை விற்ற அக்கா, இன்று ஃபீஸுக்காக நிலத்தை விற்காதே என்று சொல்ல வாயில்லை. ஆனால் என் 50 சென்டும் கிணறும் மனைக்குப் போகாது. சம்பா அறுக்கிற தை மாதம் வரை பொறுப்பதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். அதற்குள் முதல் செமஸ்டர் ஃபீஸை என் பென்ஷன் சேமிப்பிலிருந்து நான் கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

மாணவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். சிப்காட்டில் கேண்டீன், ஹாஸ்டல், மெஸ் நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் கமென்ட்டில் எழுதுங்கள், முறை வைக்க இன்னும் ஆள் இருக்கிறார்கள். ஊரில் கிணறு வைத்திருப்பவர்கள், அடுத்த பஞ்சத்தில் லாரி வந்து நின்றால் பக்கத்துக் கிணற்றையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் பார்க்கவில்லை.

குத்தகைப் பத்திரம் எழுதியாகிவிட்டது. பணம் வேண்டாம், வருஷத்துக்கு இரண்டு மூட்டை அரிசி போதும் என்றேன். அவன் அப்பாவும் வந்திருந்தார். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி கீழதான் இருக்கு, மழை வந்தா ஏறும்" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்