உச்சி வெயில் இரண்டரை மணிக்கு

செவில் நகரில் ஜூன் மாதம் சூரியன் உச்சிக்கு வர ஏறக்குறைய பிற்பகல் இரண்டரை மணியாகிவிடும். 1940-இல் ஸ்பெயினின் பிராங்கோ ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்தது. பிறகு யாரும் அதைத் திருப்பி வைக்கவில்லை. கோடை நேரக் கணக்கில் இன்னொரு மணி கூடுகிறது. அதனால் மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, இராச்சாப்பாடு பத்து மணிக்கு. "நான் தூங்கப் போற நேரத்துல இவங்க இலை போடறாங்க" என்று என் கணவர் முதல் நாளே அலுத்துக்கொண்டார்.

அவர் பொதுப்பணித்துறையில் பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபுரத்தைக் காட்டினால் அதன் அடியில் போகும் வாய்க்காலைத்தான் பார்ப்பார். அவரோடு போனால் எந்த ஊரையும் அவசரமாகப் பார்க்க முடியாது. ஸ்பெயினின் தென்பகுதிக்கு அது தோதாகவே இருந்தது. வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில் யாரால் ஓடிக்கொண்டிருக்க முடியும்?

செவிலில் கடைத்தெருக்களின் குறுக்கே, மாடிக்கு மாடி, வெள்ளைத் துணிப் பந்தல் கட்டியிருக்கிறார்கள். அதன் நிழலிலேயே பேராலயம்வரை வந்துவிட்டோம். அங்குள்ள ஹிரால்டா மணிக்கூண்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மசூதியின் மினாராகக் கட்டப்பட்டது. உள்ளே பெரும்பகுதி படிக்கட்டு கிடையாது, 35 சாய்தளங்கள். தொழுகைக்கு அழைப்பவர் குதிரையிலேயே மேலே போவதற்காக என்கிறார்கள். குதிரை இல்லாவிட்டாலும் என் முழங்காலுக்கு அது பேருதவி.

கோர்தோபாவில்தான் நாங்கள் கட்டுண்டு நின்றோம். 785 வாக்கில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய பெரிய மசூதி. இன்று எஞ்சியிருப்பவை 856 தூண்கள். பல தூண்கள் பழைய ரோமானிய, விசிகோத் கட்டடங்களிலிருந்து எடுத்துவந்தவை, உயரம் போதவில்லை. அதனால் ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவு எழுப்பிக் கூரையை உயர்த்தினார்கள். சிவப்புச் செங்கல்லும் வெளிர்க்கல்லும் மாறி மாறி வரும் இந்த உத்திக்கு மெரிடாவின் ரோமானிய நீர்ப்பாலம் முன்மாதிரியாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. "பார்த்தியா, கடைசியில நம்ம டிபார்ட்மென்ட் வேலைதான்" என்று அவருக்கு ஒரே பெருமை. முற்றத்தில் ஆரஞ்சு மரங்களின் பாத்திகளை இணைக்கும் சிறு கால்வாய்களையும் குனிந்து குனிந்து பார்த்தார்.

1236-இல் நகரைப் பிடித்த பெர்னாண்டோ மன்னர் மசூதியை இடிக்காமல் தேவாலயமாக்கினார். 1523-இல் தொடங்கித்தான் அதன் நட்டநடுவில் ஓர் உயரமான பேராலயக் கூடத்தைச் செருகினார்கள். கலைவேலைப்பாட்டில் குறையில்லை, இடம்தான் தவறு. தூண்காட்டின் மங்கலில் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று தலைக்கு மேல் வெளிச்சமும் பொன்னும் வந்து மோதுகின்றன. எனக்கு அது பிடிக்கவே இல்லை. "பலமாத்தான் கட்டியிருக்கான்" என்றார் அவர். மாலைவரை வழக்கு தீரவில்லை.

அந்த ஊர் வீடுகளின் முற்றங்களையும் சொல்ல வேண்டும். நடுவில் கிணறோ நீரூற்றோ, சுவர் முழுக்க மலர்த்தொட்டிகள். எட்டாத உயரத்துத் தொட்டிகளுக்கு, நீண்ட கழியின் நுனியில் கட்டிய தகரக் குவளையால் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எங்கள் காரைக்குடி வீட்டு முற்றம் மழையை உள்ளே வாங்குவதற்கு. இவர்களுடையது வெயிலை வெளியே நிறுத்துவதற்கு.

கிரனடாவின் அல்ஹம்ப்ராவுக்குத் தண்ணீர் வந்த வழி அவருக்கு விருந்து. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தார்ரோ ஆற்றைச் சுமார் ஆறு கிலோமீட்டர் மேலே மறித்து, மலைச்சரிவோடு அரச வாய்க்காலை வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். பம்பு கிடையாது, சரிவு மட்டும்தான். ஹெனராலிஃபே தோட்டத்தில் ஒரு படிக்கட்டின் கைப்பிடிச் சுவரே கால்வாய். கை வைத்த இடமெல்லாம் தண்ணீர் ஓடுகிறது. அங்கே அவரை நகர்த்தவே முடியவில்லை.

அல்ஹம்ப்ராவின் நஸ்ரித் அரண்மனைக்குள் செல்ல நேரம் குறித்த நுழைவுச்சீட்டு. சிங்க முற்றத்தில் நான்கு கால்வாய்கள் நடுவே கூடுகின்றன. பன்னிரண்டு சிங்கங்கள் சுமக்கும் கிண்ணத்தின் விளிம்பில் இப்னு ஸம்ராக்கின் கவிதை. அதுவும் தண்ணீரைப் பாடுவதுதான். எங்களோடு நுழைந்த கூட்டம் படமெடுத்துவிட்டுக் கிளம்பியது. அடுத்த கூட்டம் வந்தது, அதுவும் போனது. நான் எழுந்தேன். "உட்காரு, சீட்டுல உள்ளே வர்ற நேரம்தான் போட்டிருக்கு, வெளியே போற நேரம் போடலை" என்றார்.