இருபத்தொன்பதாம் தேதிக் கட்டம்



"டீச்சர், அமெரிக்காவுல பொழுது எப்படிப் போகுது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். காட்டுக்குள் டப்பா தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பதில் போட்டதற்குச் சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுந்தன. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அதுதான் வேலை. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். முழுப்பரீட்சைக் கட்டுரை அளவுக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விளையாட்டின் பெயர் ஜியோகேச்சிங். ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அது இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே போய்த் தேட வேண்டும். உள்ளே ஒரு சின்னக் காகிதச் சுருள் இருக்கும். அதில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் இணையத்தில் "கண்டுபிடித்தேன்" என்று பதிய வேண்டும். ஜி.பி.எஸ். துல்லியத்துக்கு அமெரிக்க அரசு வைத்திருந்த கட்டுப்பாட்டை 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள். அடுத்த நாளே ஆரகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை ஒளித்து வைத்தாராம். அதில் புத்தகம், வீடியோ கேசட், கவண், ஒரு அவரைக்கொட்டை டின் எல்லாம் இருந்தன. நம் ஊர் கண்ணாமூச்சியில் ஒளிகிற ஆளுக்குப் பதில் டப்பா, அவ்வளவுதான்.

என் மகனும் பேரனும் நாலைந்து வருடமாக ஒரே கணக்கில் சேர்ந்து விளையாடுகிறார்கள். போன சனிக்கிழமை என்னையும் இஸக்வா ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற டைகர் மலைக்குக் கூட்டிப்போனார்கள். என் முழங்காலுக்குத் தகுந்த பாதைதான். ஒரு விழுந்த மரத்தடியில் பாசிக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்தது நான்தான்! பேரன் காகிதத்தில் பெயர் எழுதினான். ஆனால் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"ஏண்டா கண்ணு?"

"இது சேலஞ்ச் டப்பா அப்பாயி. பேர் எழுதலாம். ஆனா கண்டுபிடிச்சேன்னு பதிய முடியாது."

மகன் விளக்கினான். சில டப்பாக்களுக்குத் தனித் தகுதி உண்டு. டப்பாவைத் தொட்டால் மட்டும் போதாது, அதற்கு முன்னோ பின்னோ ஒரு சாதனையை முடித்திருக்க வேண்டும். தேடுவது எவ்வளவு கடினம், போகிற வழி எவ்வளவு கடினம் என்று ஒவ்வொரு டப்பாவுக்கும் 1-லிருந்து 5 வரை அரை அரையாக இரண்டு மதிப்பெண் இருக்கிறது. ஒன்பது பெருக்கல் ஒன்பது, 81 கட்டம். அந்த 81-லும் ஒவ்வொன்று கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது ஒரு வகைச் சேலஞ்ச். நாங்கள் எடுத்தது நாட்காட்டிச் சேலஞ்ச். எந்த வருடமானாலும் பரவாயில்லை, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை 366 தேதியிலும் ஒரு டப்பாவாவது கண்டுபிடித்திருக்க வேண்டும். தகுதி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு கணினிச் சோதனை உண்டு. மகன் செல்போனில் அதை ஓட்டிக் காட்டினான். 365 கட்டம் நிரம்பியிருந்தது. ஒன்று காலி. பிப்ரவரி 29.

"2024-ல வந்துதே, அன்னைக்கு என்னடா பண்ணீங்க?" என்றேன், வகுப்பில் கேட்கிற மாதிரி.

பேரன் தரையைப் பார்த்தான். மகன்தான் சொன்னான்: "அன்னைக்குத்தாம்மா நீங்க முதல் தடவை வந்து இறங்குனீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அன்று என் பெட்டி ஒன்று வந்து சேரவில்லை. நார்த்தங்காய் ஊறுகாயும் வடகமும் இருந்த பெட்டி. அதற்கு எழுதிக் கொடுத்து, அலைந்து, எனக்கும் தலைசுற்றி, வீடு வந்து சேரும்போது நள்ளிரவு ஆகிவிட்டது. வழியில் ஒரு டப்பாவை எடுத்துவிட்டுப் போகலாம் என்று அந்தப் பிள்ளை சட்டைப்பையில் பென்சிலோடு வந்திருந்தானாம். பத்து வயதுப் பிள்ளை, ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது தெரியவே இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

மகன் ஒரு வழி சொன்னான். மறுநாள் மார்ச் 1 சாயங்காலம் பூங்காவில் ஒரு டப்பா எடுத்தார்களாம். இணையத்தில் பதிகிற தேதியை நாமேதான் போடுகிறோம். அதை ஒரு நாள் முன்னால் தள்ளிவிட்டால் கட்டம் நிரம்பிவிடும், கணினியும் சரி என்று சொல்லிவிடும். யாருக்கு நஷ்டம்?

உண்மையைச் சொல்கிறேன். முப்பத்து நாலு வருடம் வருகைப் பதிவேட்டில் ஒரு நாள் கூட முன்பின் போடாத நான், "மாத்திட்டாத்தான் என்ன, தப்பு என்னோடதுதானே" என்றேன்.

"காகிதத்துல மார்ச் 1னு எழுதியிருக்கேன் அப்பாயி" என்றான் பேரன். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

அன்று இரவு தூக்கம் வராமல் இந்த விதிகளைப் பற்றி மகனைக் குடைந்து எடுத்தேன். ஆரம்பத்தில் டப்பா வைத்தவர் என்ன நிபந்தனை வேண்டுமானாலும் போடலாம் என்று இருந்ததாம். கோமாளித் தொப்பி போட்டுப் படம் எடு, ஒரு கவிதை எழுது என்பார்கள். எழுதவில்லையென்றால் நீங்கள் பதிந்ததை அவர் அழித்துவிடலாம். மலை ஏறி டப்பாவை எடுத்தவனுக்குக் கவிதை வரவில்லை என்றால் அவன் ஏறவே இல்லை என்று ஆகிவிடும்! 2009-இல் இதை நிறுத்திவிட்டார்கள். இந்தத் தகுதிச் சேலஞ்ச் மட்டும் தங்கியது. அதிலும் ஆளாளுக்கு விசித்திரமாக நிபந்தனை வைக்க, அனுமதி கொடுக்கிற தன்னார்வலர்களிடம் சண்டையும் மேல்முறையீடுமாக வந்து குவிந்தன. 2015 ஏப்ரலில் புதிய சேலஞ்சே வேண்டாம் என்று ஒரு வருடம் மூடி வைத்து, 2016-இல் புது விதிகளோடு திறந்தார்கள். ஒருவருடைய சொந்தக் கருத்துக்கு இடமில்லாமல், கணினி சோதித்துச் சொல்லும்படி நிபந்தனை இருக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாமல் திரும்பியதையெல்லாம் தகுதியாகக் கேட்கக் கூடாது. நிபந்தனையை முடித்துக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டவருடைய பதிவை, டப்பா வைத்தவர் பிடிக்கவில்லை என்று அழிக்க முடியாது. தடைக்கு முன்பே வெளிவந்திருந்த டப்பாக்கள் பழைய விதிப்படியே இருந்துகொள்ளலாம். பரீட்சையில் தேறிய பிறகு வெயிட்டேஜ் கணக்கில் காத்துக் கிடந்த என் டெட் மாணவிகளுக்கு, இந்தக் கடைசி விதியின் அருமை சொல்லாமலே புரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. தகுதி இல்லாதவனுக்கும் டப்பா மூடியிருக்காது. எப்போது வேண்டுமானாலும் போய்த் திறந்து பார்க்கலாம், பெயர் எழுதலாம். கணக்கில் சேருவது மட்டும்தான் தகுதி வந்த பிறகு. என்றைக்குத் தகுதி வந்தாலும் அந்தப் பழைய கையெழுத்து செல்லும், மறுபடி மலை ஏற வேண்டியதில்லை.

நான் அப்படி வைக்கவில்லை. என் பழைய மாணவர்களில் சிலருக்கு அந்தப் பச்சை டிரங்குப் பெட்டி ஞாபகம் இருக்கும். கரும்பலகைத் திட்டத்தில் வந்த கதைப் புத்தகங்களை அதில் பூட்டி வைத்திருந்தேன். சாவி என் முந்தானையில். ஐந்தாம் வகுப்புக்கு நானாக ஒரு விதி போட்டேன். வாரத்தில் மூன்று நாள் கையெழுத்து நோட்டில் "நன்று" வாங்கினால்தான் வெள்ளிக்கிழமை ஒரு புத்தகம். பிள்ளைகளின் கையெழுத்து திருந்தியது, பார்க்க வந்த ஏ.இ.ஓ.வும் பாராட்டினார். எனக்கு ஒரே பெருமை.

இடது கைப் பழக்கமுள்ள ஒருவன் இருந்தான். எழுத எழுத அவன் கையே மைமேல் இழுபட்டு நோட்டெல்லாம் நீலமாகிவிடும். என்னிடம் "நன்று" வாங்க அவனுக்கு வழியே இல்லை. ஆனால் வகுப்பில் முதலில் எழுத்துக்கூட்டாமல் வாசித்தவன் அவன்தான். வெள்ளிக்கிழமைதோறும் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்பான். திறக்கும்போது அட்டைகளைப் பார்ப்பான். ஒரு தடவை ஒரு புத்தகத்தைக் காட்டி, "இங்கேயே உக்காந்து படிச்சிட்டுக் குடுத்துடறேன் டீச்சர்" என்று கேட்டான். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிப் பூட்டினேன். அந்த வருடம் முழுவதும் அவனுக்கு ஒரு புத்தகம் கூடக் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்திருக்கிறேன் என்று மனதாரத்தான் நம்பினேன். புத்தகத்துக்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது என்னை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அவன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். நான் என்ன பதிவு போட்டாலும் முதல் ஆளாக வந்து இரண்டு கை கூப்பிவிட்டுப் போகிறான். இதையும் படிப்பான்.

இந்த வருடக் கணக்கை முடிக்கிறேன். அடுத்த பிப்ரவரி 29 வருவது 2028-இல், செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போகலாம் என்று பேரன் இப்போதே சொல்லிவிட்டான். நானும் கூட வர வேண்டுமாம். என் பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிகிறது, ஊருக்கு வந்ததும் புதுப்பிக்கக் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை ஊறுகாயைக் கைப்பையிலும் வைக்க மாட்டேன், பெட்டியிலும் வைக்க மாட்டேன்.

திருப்பூர்த் தம்பி, நீ அன்று காட்டிய புத்தகத்தின் பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை. அட்டையில் ஒரு யானை இருந்த மாதிரி தோன்றுகிறது. உனக்குத் தெரிந்தால் கீழே எழுது.