குழந்தைகள் குடியிருக்காத ஊர்!

"ரிடையரான பிறகு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "என்ன பெரிசா? பேரன் பேத்தியைக் கொஞ்சிக்கிட்டு, கோயில் குளம்னு போய்க்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்பார் ஐயா. அதே கேள்வியை அம்மாவிடம் கேட்டால், "எனக்கு ஏதடி ரிடையர்மெண்ட்? அடுப்பு என்னிக்கு லீவு விட்டிருக்கு?" என்று பதில் வரும்.

அடுப்புக்கும் லீவு, ஆபீசுக்கும் லீவு, பேரன் பேத்திக்கும் ஏறக்குறைய லீவு என்று ஓர் ஊரே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில், அரிஸோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரை ஒட்டி வடமேற்கில் இருக்கும் 'சன் சிட்டி' என்ற ஊர்தான் அது. இந்த மாதிரிக் குடியிருப்புகளுக்கெல்லாம் இதை முன்னோடி என்று சொல்லலாம். சுமார் 40 ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். வீட்டுக்கு ஒருவராவது 55 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். 19 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது. பேரக் குழந்தைகள் விருந்தாளியாக வரலாம், தங்கலாம். ஆனால் வருஷத்துக்கு இத்தனை நாள்தான் என்று கணக்கு உண்டு!

பருத்திக் காட்டில் பிறந்த ஊர்

ஒரு காலத்தில் இது பருத்தி விளைந்த பூமி. டெல் வெப் என்று ஒரு கட்டிட கான்ட்ராக்டர். தச்சுவேலையில் தொடங்கி, பெரிய நிறுவனத்துக்கே முதலாளி ஆனவர். 'வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மூலையில் சாய்வு நாற்காலியில் கிடக்க வேண்டும் என்று யார் சொன்னது? அவர்களுக்கு விளையாட்டு மைதானத்தோடு ஓர் ஊரைக் கட்டிக் கொடுத்தால் என்ன?' என்ற யோசனையில் துணிந்து இறங்கினார் அவர்.

1960-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி திறப்பு விழா. மாதிரிக்கு ஐந்தே வீடுகள். ஆனால் கடைத்தெரு, பொழுதுபோக்கு மன்றம், கோல்ஃப் மைதானம் மூன்றும் முதலிலேயே தயார்! அதில்தான் இருக்கிறது சூட்சுமம். 'வீட்டை வாங்குங்கள், மைதானம் பின்னால் வரும்' என்று சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? அந்த முதல் வாரக் கடைசியில் பார்க்க வந்த கூட்டம் ஒரு லட்சம் என்று சொல்வார்கள். 1962-ல் 'டைம்' பத்திரிகை டெல் வெப்பின் படத்தை அட்டையில் போட்டது.

நாங்கள் போனது பிப்ரவரி மாதம். இதமான வெயில். பனி கொட்டும் வட மாநிலங்களிலிருந்து குளிர்காலத்துக்கு மட்டும் இங்கே வந்து தங்குகிறவர்கள் ஏராளம். இவர்களுக்குப் 'பனிப் பறவைகள்' என்று செல்லப் பெயர். வேடந்தாங்கல் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

தெருக்கள் நேராக இல்லை. வட்டம் வட்டமாக வளைந்து போகின்றன. மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் பெரிய பெரிய கோலம் போட்டாற்போல் இருக்கிறது. வீடுகள் பெரும்பாலும் ஒற்றை மாடி. மூட்டுவலிக்காரர்கள் படி ஏற வேண்டாம். பாலைவனமாயிற்றே, புல் வளர்க்கத் தண்ணீருக்கு எங்கே போவது? வாசலில் பலர் கூழாங்கல்லைப் பரப்பியிருக்கிறார்கள். சிலர் அதற்குப் பச்சை வர்ணம் அடித்துப் புல்தரை என்று பேர் பண்ணிவிடுகிறார்கள். சமர்த்துதான்!

பார்க்க வேடிக்கையாக இருப்பது கோல்ஃப் வண்டி. மைதானத்துக்குள் மட்டுமில்லை, தெருவிலும் அதே வண்டிதான். காய்கறிக் கடைக்கு, டாக்டர் வீட்டுக்கு, மாதா கோயிலுக்கு எல்லாம் கோல்ஃப் வண்டியிலேயே போய் வருகிறார்கள். அதற்கும் பதிவு, இன்சூரன்ஸ், ஓட்டுநர் லைசென்ஸ் எல்லாம் உண்டு. தலை நரைத்த தம்பதி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கறிவேப்பிலை வாங்கப் போவது போல் போகிற அழகைப் பார்க்க வேண்டும்!

நடக்க வைக்கும் கோல்ஃப்

கோல்ஃப் என்றால் நமக்குப் பணக்காரர் விளையாட்டு. விஷயம் சுலபம்தான். ஒரு சின்ன வெள்ளைப் பந்து, 18 குழிகள். யார் குறைந்த அடியில் எல்லாக் குழியிலும் பந்தைச் சேர்க்கிறாரோ அவருக்கு ஜயம். இதில் 'ஹாண்டிகாப்' என்று ஒரு கணக்கு உண்டு. திறமை குறைந்தவருக்கு முன்கூட்டியே சில அடிகளைச் சலுகையாகத் தள்ளிவிடுவார்கள். அதனால் 60 வயதுக்காரரும் 80 வயதுக்காரரும் சரிசமமாக விளையாட முடிகிறது. மாமியாரும் மருமகளும் பல்லாங்குழி ஆடும்போது, பெரியவளுக்கு நாலு சோழி கூடக் கொடுப்பதில்லையா, அந்த மாதிரி.

முழு அளவு மைதானத்தில் 18 குழியையும் நடந்தே முடித்தால் சுமார் எட்டு கிலோமீட்டர் ஆகிவிடும். உடம்புக்கு நல்லது அந்த நடைதான். ஸ்வீடன் நாட்டில் மூன்று லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களின் விவரங்களை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். அதே வயதுள்ள மற்றவர்களைவிட இவர்களிடையே மரண விகிதம் 40 சதவிகிதம் குறைவாக இருந்ததாம். கோல்ஃப் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தானே விளையாடவே வருகிறார்கள்! ஆனாலும் திறந்த வெளி, நாலு பேர் சிநேகம், மணிக்கணக்கில் நடை இவை மூன்றும் யாரைக் கெடுக்கும்? வண்டியிலேயே போய் வண்டியிலேயே வந்தால் பலனில் பெரும்பகுதி வண்டிக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

வெயில் காலத்தில் கதை வேறு. 2023-ல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரி செல்ஷியஸைத் தாண்டியது. நம் அக்னி நட்சத்திரம் தோற்றது! அப்போதெல்லாம் பொழுது விடியுமுன்பே மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஊறுகாய்ப் பெயரில் ஒரு விளையாட்டு

மைதானத்தைத் தாண்டிப் பொழுதுபோக்கு மன்றத்தின் பக்கம் போனால் 'டொக், டொக்' என்று ஓயாத சத்தம். அதுதான் பிக்கிள்பால். பிக்கிள் என்றால் அங்கே ஊறப்போட்ட வெள்ளரிக்காய். விளையாட்டுக்கும் ஊறுகாய்க்கும் என்ன சம்பந்தம்?

1965-ம் வருஷம் கோடை விடுமுறை. வாஷிங்டன் மாநிலத்தில் பெயின்பிரிட்ஜ் என்ற தீவு. ஜோயல் பிரிட்சர்ட் என்ற அரசியல்வாதியின் வீட்டில் குழந்தைகள் "போரடிக்குது, போரடிக்குது" என்று பிய்த்து எடுத்தார்கள். (எந்த நாடானாலும் விடுமுறை என்றால் இதே பல்லவிதான் போலிருக்கிறது!) பாட்மிண்டன் ஆடலாம் என்றால் சாமான் சரியாக இல்லை. பிரிட்சர்டும் அவர் நண்பர் பில் பெல்லும் டேபிள் டென்னிஸ் மட்டை மாதிரி மரமட்டையையும், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தையும் கொடுத்து ஆடச் சொன்னார்கள். பார்னி மெக்கல்லம் என்ற நண்பரும் சேர்ந்துகொண்டு விதிகளை வகுத்தார். பெயர் வைத்தவர் வீட்டுக்காரம்மா ஜோன் பிரிட்சர்ட் என்கிறார்கள். படகுப் போட்டியில் மிச்சம் மீதி ஆட்களைச் சேர்த்து ஓட்டும் படகுக்குப் 'பிக்கிள் படகு' என்று பெயர். அந்த மாதிரி மிச்சம் மீதியில் பிறந்த விளையாட்டு என்று அர்த்தம். நேற்றைய சாதத்தைத் தாளித்துப் புது டிபன் ஆக்குகிற நமக்கு இது புரியாதா?

ஆடுகளம் நீளம் 44 அடி, அகலம் 20 அடி. பாட்மிண்டன் களத்தின் அளவேதான். வலையின் உயரம் ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34. பந்தைக் கீழிருந்து மேலாக அடித்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். தோளுக்கு மேல் கையை வீச வேண்டியதில்லை. வழக்கமான ஆட்டத்தில் பதினொரு பாயிண்ட், அதிலும் இரண்டு கூடுதலாக இருந்தால் ஜயம். ஓடுவது குறைவு. பெரும்பாலும் ஜோடி ஜோடியாக ஆடுவதால் பேச்சும் சிரிப்பும் தாராளம்.

இதில் நம்மவர்களுக்குப் பிடித்த சமாசாரம் ஒன்று சொல்லட்டுமா? வலையை ஒட்டி இரு பக்கமும் ஏழு அடி இடத்துக்குச் 'சமையலறை' என்றே பெயர்! கீழே விழுந்து எழும்பிய பந்தை அங்கே போய் அடிக்கலாம். ஆனால் அங்கே நின்றுகொண்டு, தரையில் படாமல் வரும் பந்தை அடிக்கக் கூடாது. பலசாலி வலைக்கு அருகில் நின்று எதிராளியை நொறுக்காமல் இருப்பதற்குத்தான் இந்த விதி. நிதானத்துக்கும் சாமர்த்தியத்துக்கும்தான் மதிப்பு. குழந்தைகளுக்காகப் பிறந்த விளையாட்டு தாத்தா பாட்டிகளின் விளையாட்டாகப் பரவியதற்கு இதெல்லாம் காரணம். சன் சிட்டிக்குப் பக்கத்து ஊரான சர்ப்ரைஸில் 2001-ல் நடந்த முதியோர் போட்டியில் இது முதல் தடவையாக இடம் பெற்றது.

ஒரு எச்சரிக்கை. இதில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற பெரியவர்களில் அநேகம் பேர் தடுக்கி அல்லது வழுக்கி விழுந்தவர்கள். அதிலும் பெண்களுக்கு எலும்பு முறிவு அதிகம் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு பலம் குறைவதுதான் காரணம். தலைக்கு மேல் போகும் பந்தைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி ஓடுவது மகா ஆபத்து.

அறுபதில் ஆட்டம் பாட்டம்

ஆட்டம் வேண்டாம் என்பவர்களுக்கு நூற்றுக்கு மேற்பட்ட சங்கங்கள். துணிப் போர்வை தைப்பது, மண்பாண்டம், மரவேலை, நீச்சல், எல்லாம் உண்டு. 'போம்ஸ்' என்று ஒரு பெண்கள் நடனக் குழு 1979-லிருந்து இருக்கிறது. 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் அதில் இடம். ஜிகினா உடையில் ஊர்வலங்களில் ஆடிக்கொண்டு போகிறார்கள். "இந்த வயசில் என்ன ஆட்டம்?" என்று கேட்க அங்கே ஆளில்லை!

ஊருக்கு மேயர் கிடையாது, நகராட்சி கிடையாது. தெரு ஓரத்தைச் சுத்தம் செய்வதும், வெளியூர் போனவர்களின் வீட்டை ஒரு நடை பார்த்து வருவதும் தொண்டர்கள்தான். இங்குள்ள ஆராய்ச்சி நிலையம் 1987 முதல், இறந்த பிறகு மூளையைத் தானம் செய்யும் திட்டத்தை நடத்துகிறது. மறதி நோய்க்கும் நடுக்க வாதத்துக்கும் காரணம் தேடும் டாக்டர்களுக்கு இந்த ஊர்ப் பெரியவர்கள் தந்த கொடை பெரியது.

மறுபக்கம்

எல்லாம் சரி, இவ்வளவு பெரிய ஊரில் ஒரு தொட்டில் ஆடவில்லையே! சைக்கிள் மணி இல்லை, பள்ளிக்கூட மணி இல்லை. 1960-களிலும் 70-களிலும் பள்ளிக்கூடம் கட்டப் பணம் கேட்டு வாக்கெடுப்பு வந்தபோதெல்லாம் இந்த ஊர்க்காரர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். கடைசியில் அந்தப் பள்ளி மாவட்டத்திலிருந்தே விலகிக்கொண்டார்கள். 'எங்கள் பிள்ளைகளை நாங்கள் வளர்த்தாயிற்று' என்பது அவர்கள் நியாயம். ஆனால் அக்கம்பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

பக்கத்திலேயே யங்டவுன் என்று ஒரு சிற்றூர். 1954-ல், சன் சிட்டிக்கும் முன்பே, பெரியவர்களுக்கென்று உருவானது. 1990-களில் அங்கே ஒரு பையன், தன் வீட்டில் இருக்க முடியாத நிலையில் தாத்தா பாட்டியிடம் அடைக்கலம் வந்தான். சட்டப்படி இருக்கக் கூடாது என்றது ஊர். வழக்கு மாநில அதிகாரிகள் வரை போயிற்று. 1998-ல் அந்த ஊரின் வயதுக் கட்டுப்பாடே எடுபட்டது. இன்று அங்கே குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். சன் சிட்டி போன்ற ஊர்களுக்கோ 1995-ம் வருஷத்துச் சட்டம் பாதுகாப்பு. நூற்றுக்கு எண்பது வீடுகளில் 55 வயதானவர் ஒருவர் இருந்தால் போதும், வயது விதியை வைத்துக்கொள்ளலாம்.

அவர்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் குழந்தைகள் கூடவே இருக்கிறார்கள், உண்மை. ஆனால் 65 வயது மாமியார் ஒருநாளாவது தனக்காக வெளியே போய் விளையாடியிருக்கிறாரா? பேரனுக்குக் காவல், பாலுக்குக் காவல், காஸ் சிலிண்டருக்குக் காவல் என்று நாம் அவரை உட்கார வைத்திருக்கிறோம். அங்கே விளையாட்டு இருக்கிறது, குழந்தை இல்லை. இங்கே குழந்தை இருக்கிறது, விளையாட்டு இல்லை. இரண்டையும் சேர்த்து வைக்க நமக்குத்தான் வசதி அதிகம்.

நம் வீட்டில்...

உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் வருஷ யோசனைப்படி, 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்தில் 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும். வாரம் மூன்று நாளாவது, விழாமல் சமாளிக்கவும் தசை பலம் பெறவும் பயிற்சி வேண்டும். இதற்குக் கோல்ஃப் மைதானம் தேவையில்லை.

● சமதரையாக உள்ள மொட்டை மாடியோ முற்றமோ போதும். வலைக்குப் பதில் இடுப்பளவில் ஒரு கொடி கட்டி, இரண்டு மட்டை, ஒரு பிளாஸ்டிக் பந்து. பாட்டியும் பேத்தியும் ஒரு கட்சி! மாடி என்றால் சுவர் உயரமாக இருக்க வேண்டும்.

● ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, எலும்புத் தேய்வு உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்.

● செருப்போடும் தரையில் புரளும் புடவையோடும் ஆட வேண்டாம். வழுக்காத ஷூ, கணுக்காலுக்கு மேல் நிற்கும் உடை நல்லது.

● ஐந்து நிமிஷம் கைகாலை அசைத்துச் சூடாக்கிக்கொண்ட பிறகே ஆட்டம். பின்னால் போன பந்து போகட்டும். திரும்பி நடந்து போய் எடுக்கலாம்.

● வெயில் ஏறுமுன் முடித்து, தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சமையலை நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்ளுங்கள். மாமியார் கையில் ஒரு மட்டையைக் கொடுங்கள். "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றுதான் முதலில் சொல்வார். பேரன் ஒரு பந்தை வீசட்டும், அப்புறம் பாருங்கள்!